வாசகர் கேள்வி – பதில்: சபா மேடையில் தார்த்தூஃப்

கேள்வி: பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் ‘தார்த்தூஃப்’ நாடகத்தைத் தமிழாக்கி, மார்கழிக் கச்சேரிகள் முடிந்த பின் மயிலாப்பூர் சபா ஒன்றில் அரங்கேற்ற எங்கள் குழு விரும்புகிறது. அது பக்தியைக் கேலி செய்வதாகக் கூறி மூத்த உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: இந்தத் தயக்கத்துக்கு வயது முந்நூற்றைம்பதுக்கு மேல். 1664 மே மாதம் வெர்சாய் அரண்மனை விழாவில் நாடகம் முதன்முதலாக நடிக்கப்பட்டபோதே சமயச் செல்வாக்கு மிக்கவர்கள் கொதித்தெழுந்தார்கள். பார்த்து ரசித்த பதினான்காம் லூயி மன்னரே பொது மேடையில் அதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. 1667இல் தலைப்பையும் நாயகன் பெயரையும் மாற்றி மொலியேர் மீண்டும் நடத்தியபோது, மறுநாளே தடை வந்தது. அதைப் பார்ப்பவரும் படிப்பவரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று பாரிஸ் பேராயர் எச்சரித்தார். 1669 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது.

ஆனால் நாடகத்தில் கேலிக்கு ஆளாவது பக்தியன்று. என்னைக் கேட்டால், போலித் துறவியான தார்த்தூஃப்கூட அதில் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறான். முதலிடம் அவனை வீட்டில் குடியேற்றி, அவன் சொல்லையே வேதமாகக் கொள்ளும் ஒர்கோனுக்கு. மொலியேர் தாமே ஏற்று நடித்ததும் அந்த வேடத்தைத்தான். வெளியூரிலிருந்து திரும்பும் ஒர்கோனிடம், எஜமானியம்மாவுக்குக் காய்ச்சல், இரவெல்லாம் உறக்கமில்லை என்று பணிப்பெண் தொரீன் சொல்லச் சொல்ல, அவர் “தார்த்தூஃப் எப்படி இருக்கிறார்?” என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு கவுதாரிகளையும் ஆட்டுத்தொடையில் பாதியையும் தின்றுவிட்டு அவன் விடியும்வரை உறங்கினான் என்று கேட்டதும், “பாவம், அந்த மனிதர்!” என்று உருகுகிறார்.

நம் பெரியபுராணத்திலும் வேடத்தை நம்பி ஏமாந்தவர் உண்டு. திருநீறு பூசி, சுவடிக்கட்டில் கத்தியை மறைத்து வந்த முத்தநாதனால் குத்தப்பட்ட மெய்ப்பொருள் நாயனார், அவனுக்குத் தீங்கு நேராமல் வழியனுப்பச் சொல்லிவிட்டே உயிர் துறந்தார். அவரை வணங்கும் நாம் ஒர்கோனைக் கண்டு நகைக்கிறோமே, ஏன்? நாயனார் கொடுத்தது தம் உயிரை. ஒர்கோனோ, வேறொருவருக்கு நிச்சயித்த மகளைத் தார்த்தூஃபுக்குத் தர முனைகிறார்; உண்மையைச் சொன்ன மகனை விரட்டி, அவனுக்குரிய சொத்தையும் அந்தப் போலிக்கே எழுதிவைக்கிறார். பிறர் வாழ்வைக் காணிக்கையாக்கும் பக்தியைத்தான் மொலியேர் கேலி செய்தார் என்று மூத்தவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தார்த்தூஃப் மூன்றாம் அங்கத்தில்தான் வருகிறான். நம் ரசிகர்கள் பொறுமை இழப்பார்களே, முன்னதாகவே அவனை மேடைக்குக் கொண்டு வரலாமா?
– ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: வேண்டாம். இரண்டு அங்கங்களிலும் வீடே அவனைக் குறித்துச் சண்டையிட்டு நிற்பதால்தான், அவன் நுழைந்து பேசும் முதல் வாக்கியம் எடுபடுகிறது. தொரீன் நிற்பதைக் கண்டதுமே, உடலை உறுத்தும் தன் தவ ஆடையையும் தன்னையே அடித்துக்கொள்ளும் சாட்டையையும் எடுத்து வைக்குமாறு பணியாளிடம் உரக்கச் சொல்கிறான்.

நேரம் போதவில்லையென்றால் வேறெங்காவது வெட்டுங்கள். நான்காம் அங்கத்து மேசைக் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். கணவரை மேசைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, தார்த்தூஃபின் ஆசைப்பேச்சைக் கேட்கவைக்கும் எல்மீர், இருமி இருமிக் குறிப்புக் காட்டியும் ஒர்கோன் வெளியே வருவதில்லை. தம்மையே அவன் முட்டாளென்று இகழக் கேட்ட பிறகுதான் வருகிறார். அந்த இருமலைக் குறைத்தால் நாடகமே குறைந்துபோகும்.

கேள்வி: இறுதியில் அரச அதிகாரி வந்து தார்த்தூஃபைக் கைது செய்வது ஒட்டவில்லையே?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: ஒட்டவில்லைதான். தடையை நீக்கிய மன்னருக்கு மொலியேர் செலுத்திய நன்றியாகவே அது படுகிறது. அதற்காக அதிகாரிக்குக் காக்கிச் சட்டை மாட்டி, நம் ஊர் ஆட்சியாளர் எவரையும் புகழவைத்துவிடாதீர்கள். அந்தத் துதி பிரெஞ்சு மன்னருக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.