பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் காட்டுக்கு அழைத்துப்போனால் என்ன கற்றுக்கொடுக்கலாம்?

விழுப்புரம் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப்படையின் பொறுப்பும் என்னிடம்தான்.

காடு என்றதும் முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ பஸ் பிடிக்கத் தோன்றும். ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்பேன். பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். மீதி நேரம் யானை வருமா என்ற ஏக்கத்தில் கழியும். பக்கத்தில் ஒரு கோயில் காடு இருந்தால் அதுவே போதும்.

நாங்கள் போவது கீழ்ப்புத்துப்பட்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு. வீரை, உலக்கைப்பாலை, காசான், இவற்றின் மேல் ஏறிப் படர்ந்த பெருங்கொடிகள். காசான் பூத்திருந்தால் கிளையெல்லாம் நீலம் அப்பியிருக்கும். திருமாலின் நிறத்துக்குச் சொல்லும் காயாம்பூ அதுதான். நம் கடலோரத்துக்கே உரிய இந்த வகைக் காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதிலும் பல துண்டுகள் சாமிக்கு விட்டதால் தப்பியவை. சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு. பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் சொல்வேன்.

மரப் பெயர்களை ஒப்பிக்க வைக்காதீர்கள். "வெளியில எல்லாம் காஞ்சு கெடக்கு, இங்க மட்டும் எப்படி சார் பச்சையா இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். உதிர்ந்து கிடந்த வீரை இலை ஒன்றையும் வேப்பிலை ஒன்றையும் கையில் கொடுத்தேன். வீரை இலையைத் தடவிப் பார்த்து, "இது தோல் மாதிரி கெட்டியா இருக்கு, தண்ணி சீக்கிரம் வெளியே போகாது" என்று அவளே சொல்லிவிட்டாள்.

நிறைய நேரம் கொடுக்க வேண்டியது குழிநரி என்னும் சின்னப் பூச்சிக்கு. மழை படாத மரத்தடி மணலில் புனலை அழுத்தி எடுத்தது போல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சுற்றிக் குந்த வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு எறும்பு விளிம்பில் சறுக்கும், ஏறப் பார்க்கும். அடியிலிருந்து மணல் வீச்சு வரும். எறும்பு மறுபடி சறுக்கும். ஒரு நொடி இரண்டு கொடுக்குகள் தெரியும், அப்புறம் எறும்பைக் காணோம். மணலோடு அள்ளி உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும். இது வளர்ந்து தும்பி போல் சிறகடிக்கப் போகிற பூச்சியின் புழு என்றும், புழுவாக இருக்கும்வரை மலம் கழிக்க வழியே கிடையாது, எல்லாவற்றையும் உடம்புக்குள்ளேயே சேர்த்துவைக்கும் என்றும் சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் கேள்விகள் அவர்களிடமிருந்து தானாக வரும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள்.

மாசி மாதம் நல்லது. காலை ஏழு மணிக்குள் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். ஷூ, முழுக்கால் சட்டை கட்டாயம். சருகுக்குள்ளும் பொந்துக்குள்ளும் கைவிடக் கூடாது. பாம்பு, தேள் இருக்கும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும். கோயில் காடு என்றால் கோயில்காரர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். காப்புக்காடு என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

திரும்பி வந்ததும் 'நான் கண்ட காடு' என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், பாவம். மறுநாள் வகுப்பில் அவர்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். எங்கள் வகுப்பில் அதை வைத்தே பல வாரம் பாடம் ஓடியது.