பைனாகுலர் வாங்குறதுக்கு முன்னாடி காத்தப் பாருங்க

வணக்கம். டிசம்பர் லீவுல பிள்ளைங்களோட ராமேஸ்வரம் வந்தோம். பூநாரை, பவளப்பாறைன்னு ஆசையா வந்தா, மதிய வெயில்ல தனுஷ்கோடில நாலு கடல்காக்காவப் பாத்ததோட சரி. மண்டபத்துக்கு வடபக்கம் தண்ணில இறங்குனா ஒரே கலங்கல். தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு போட்காரர் சொன்னார், போகல. அடுத்த தடவ போயிரலாமா? பைனாகுலர் எது வாங்கட்டும்?
ஒரு வாசகர், மதுரை

சார், போகாததே நல்லது. தூத்துக்குடிலருந்து நம்ம ராமேஸ்வரம் பக்கம் வரைக்கும் இருக்குற 21 தீவும் 1986லருந்து கடல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக்கூடாது, மாட்டுனா அந்த போட்காரர் பாடும் உங்க பாடும் திண்டாட்டம். பிள்ளைங்க போட்ல போகணும்னு அடம்பிடிச்சா தொண்டிப் பக்கம் காரங்காடு போங்க, வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க.

மத்தபடி உங்க பிரச்சினை, அந்த மாசத்துக்கு ஆகாத கடல்ல இறங்குனதுதான். இங்க வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா, பெண்கடல் ஆண்கடல்னும் சொல்வாங்க. வாடைக்காத்து அடிக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழில வடகடல் கலங்கிக் கெடக்கும், அப்ப தெக்க போகணும், கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, கிளம்பிட்டா அப்படியே தலைகீழ். கடலுக்குப் போற யாரக் கேட்டாலும் ஒரு நிமிஷத்துல சொல்லிருப்பாங்க, லாட்ஜ்ல கேட்டா காரு பேசி விடுவாங்க அவ்வளவுதான்.

கடல் தண்ணி வத்துற நேரத்தையும் கடலுக்குப் போறவங்ககிட்டயே கேட்டுக்கங்க. எனக்கு பவளப்பாறைய விட கடல்புல்லுதான் பிடிக்கும், முழங்கால் தண்ணி போதும், குனிஞ்சு அசையாம நின்னீங்கன்னா முதல்ல ஒண்ணும் தெரியாது, அப்புறம் செத்த சங்குன்னு நெனச்சது நடக்க ஆரம்பிக்கும், உள்ள நண்டு குடியிருக்கும். புல்லு எல்லாம் ஒரு பக்கம் சாயும்போது ஒரு புல்லு மட்டும் எதிர்ப்பக்கம் போகும், பாத்தா ஊசி கணக்கா ஒரு மீன், கடல்குதிரைக்குச் சொந்தம். ஆவுளியா, அதான் கடல்பசு, மேயுறதும் இந்தப் புல்லத்தான், ஆனா அதப் பாக்கணும்னு வராதீங்க, அது லேசுல கண்ணுல படாது. கால எடுத்து வைக்காம தரையோட தேச்சு நடங்க, மண்ணுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், மிதிச்சாதான் குத்தும், தேச்சா அதுவே விலகிப் போயிரும். அழகா இருக்கேன்னு உயிரோட இருக்குற சங்க பிள்ளைங்க கையில எடுக்க வேண்டாம், சிலதுல விஷமுள்ளு உண்டு.

பறவைக்கு வாடை மாசம்தான், அதுவும் விடியக்காலை. பூநாரைக்கு கோதண்டராமர் கோயில் பக்கத்துல தேங்குன தண்ணி, தலையக் கவுத்துப் போட்டு சேத்து அரிச்சுத் திங்கும். அதயே பாத்துட்டு கிளம்பிராதீங்க, ஓரமா கறுப்பா ஒரு கரைக்கொக்கு நிக்கும், மஞ்சள் பாதத்த தண்ணிக்குள்ள விட்டு கலக்கி, மிரண்டு ஓடுற மீனக் கொத்தும். எனக்கு அதுதான் ஹீரோ.

பைனாகுலர் 8×42 வாங்குங்க, எட்டு மடங்கு பெருசா காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். இன்னும் பெருசா காட்டும்னு கடைக்காரர் 12, 16ன்னு தள்ளிவிடப் பாப்பார், அந்தக் காத்துல உங்க கை ஆடுறதுதான் பெருசாத் தெரியும்.