லயத்து அடுப்படியில் வெளிச்சம்: வாசகர் கேள்வி – பதில்

படம், எழுத்து, பழைய துண்டுச் சீட்டு, சேலைப் பூவைப் படமெடுத்துச் செய்த பின்னணி என்று எல்லாவற்றையும் போனிலோ கணினியிலோ ஒரே பக்கத்தில் அடுக்குவதுதான் டிஜிட்டல் நினைவேடு. கல்யாணம், திருவிழாப் படங்களுக்கு வழி கேட்டு அதிகம் பேர் எழுதவில்லை. வந்த கேள்விகள் வீட்டின் சாதாரண நாளைப் பற்றியவை. அதில் எங்களுக்கு மிகுந்த சந்தோஷம்.

கேள்வி: அம்மா விடியற்காலை ரொட்டி தட்டுவதைப் போனில் எடுத்தேன். அடுப்படி இருட்டு. கை இழுபட்டுக் கலங்கலாக வருகிறது. பிளாஷ் போட்டால் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. – வாசகி, ஹட்டன்

பதில்: பிளாஷை விட்டுவிடுங்கள். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவருக்கு ஜன்னல் கிடையாது; வெளிச்சம் வாசல் பக்கமிருந்து மட்டுமே வரும். குடியிருக்க அது பெரும் குறை. படத்துக்கோ ஒரு பக்கத்து வெளிச்சம்தான் கை நரம்பையும் மாவின் மேடுபள்ளத்தையும் எடுத்துக் காட்டும். மாவுத் தட்டை வாசலிலிருந்து மூன்று, நான்கு அடிக்குள் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசலை மறித்து நின்றால் உங்கள் நிழல்தான் விழும். பக்கச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் பக்கவாட்டாக விழட்டும்.

பல்பையும் அணையுங்கள். மஞ்சள் பல்பும் வாசலின் நீல வெளிச்சமும் கலந்தால் முகம் பாதி மஞ்சள், பாதி நீலம். பிறகு எந்தச் செயலியில் திருத்தினாலும் ஒரு பக்கம் கெடும். பல்பு கட்டாயம் வேண்டுமென்றால் மற்ற வெளிச்சத்தை மறைத்து அதை மட்டும் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல்பு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் (படத்துக்கு வெளிச்சம் விழும் நேரம்) நொடியில் 1/50 அல்லது 1/100 இருக்கட்டும். அதைவிட வேகமானால் மலிவான எல்ஈடி பல்புகளில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும்.

கை இழுபடுவதற்குப் பெரும்பாலும் போனின் நைட் மோட்தான் காரணம். அது ஒன்றிரண்டு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. சுவர் தெளிவாக வரும். அசையும் கை கரைந்துவிடும். அதை நிறுத்துங்கள். முழங்கையைக் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு, தட்டும் கை மேலே போய்த் திரும்பும் இடத்தில் அழுத்துங்கள். திசை மாறும் அந்த இடத்தில் எந்தக் கையும் ஒரு கணம் நின்றுதான் திரும்பும்.

வேலை நாளில் நாலரை மணிக்கு வெளியே வெளிச்சமே இராது. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கும் அம்மா இதே ரொட்டியைத்தான் தட்டுவார். அன்றைக்கு எடுங்கள். எடுக்குமுன் போனின் லென்ஸைத் துடையுங்கள். தேங்காய்ப் பிசுக்குப் பட்ட விரல் ஒருமுறை தடவினால் போதும், நெருப்பைச் சுற்றிப் புகைமூட்டம் போல் ஒரு வளையம் வந்துவிடும்.

கேள்வி: மூடுபனியில் எடுக்கும் படங்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. – வாசகர், நுவரெலியா

பதில்: கமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கணக்குப் போடும். வெள்ளைப் பனியையும் அப்படியே இருட்டாக்கிவிடும். கமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7இலிருந்து +1 வரை ஏற்றுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுங்கள். பிறகு அருகில் ஒரு அடர்ந்த பொருள் இருக்கட்டும்: சவுக்கு மரத்தடி, கறுப்புக் குடை, தேயிலைத் தூர். அது இருந்தால்தான் பனியின் ஆழம் தெரியும்.

நினைவேடு செய்பவருக்குப் பனி ஒரு கொடை. ஆளைப் படத்தின் ஒரு ஓரத்தில் வைத்து எடுத்தால் மீதி இடம் வெறுமையாகக் கிடைக்கும். அதன் மேலேயே எழுதலாம். இதற்கு வேறு பின்னணித் தாள் வேண்டியதில்லை.

கேள்வி: அக்கா கொழுந்து எடுக்கும் ஒரு நாளைப் பக்கமாகச் செய்ய ஆசை. எடுத்த முப்பது படமும் ஒரே மாதிரி. எல்லாரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். எத்தனை எடுத்தால் போதும்? – வாசகி, பண்டாரவளை

பதில்: முப்பது எடுத்தது தவறில்லை. முப்பதும் ஒரே தூரத்திலிருந்து எடுத்ததுதான் சிக்கல். கூடையும் சிரிப்புமாக நிற்கும் அந்தப் படம் சுற்றுலா அட்டைகளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உங்கள் அக்காவின் நாள் அதில் இல்லை.

ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு படம் தாராளம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேலை செய்ய வேண்டும். முதலில் தூரத்திலிருந்து மலை முழுவதும்: எந்தச் சரிவு, எத்தனை பேர் நிரை பிடித்து நிற்கிறார்கள் என்பது தெரியட்டும். அடுத்து நெருங்கி, விரல்கள் மட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரலை நிறுத்த ஷட்டர் 1/500 ஆவது வேண்டும். போனில் தொடர்படமாகப் பத்து எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, ஆள் இல்லாத பொருள்: இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) கவிழ்த்த கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, கறை ஏறிய விரலுறை. பொருளுக்கு மேலே நேராக நின்று எடுங்கள். சாய்த்தால் பக்கத்தில் ஒட்டும்போது கோணலாகத் தெரியும்.

பலரும் தவறவிடுவது இடைப்பட்ட நேரத்தை. தேத்தண்ணி நேரத்தில் போத்தல் கைமாறுவது, அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்ப்பது, நிறுவைக்கு வரிசையில் நிற்பது. நிறுவையில் டிஜிட்டல் தராசு என்றால் வேகமான ஷட்டரில் எண்கள் பாதி உடைந்து விழும், ஏனெனில் எல்ஈடிக் கோடுகள் மாறி மாறி எரிகின்றன. 1/50க்கு இறக்குங்கள். அன்றைய கிலோ கணக்குத் தெளிவாக விழுந்த படம் ஒன்று பக்கத்தில் இருந்தால், நாற்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அதுதான் அதிகம் பேசும்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காய்ந்த காற்றும் கடும் வெயிலும். பத்து மணிக்குப் பிறகு தலைக்குமேல் வெயில் ஏறினால் கண்குழியில் நிழல் விழும். அந்நேரத்தில் முகத்தை விட்டு, கையையும் பொருளையும் எடுங்கள். முகத்தைக் காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நிரையில் நிற்கும் மற்றவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் எடுக்கலாமா என்று கங்காணியிடமும் சொல்லிவைப்பது நல்லது. பேர் (அன்றைய வேலைக் கணக்கு) அவர்களுடையது, கொழுந்தும் அவர்களுடையது; நின்று காட்டச் சொல்லி அவர்கள் நேரத்தைத் தின்னக்கூடாது.

கேள்வி: தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை வைத்துச் செய்த பக்கம் திரையில் அழகாக இருந்தது. அச்சடித்தால் மங்கல். – வாசகர், கண்டி

பதில்: 12 அங்குலச் சதுரப் பக்கத்தை நன்றாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது 3600க்கு 3600 பிக்சல். வெட்டும் ஓரத்துக்கு நான்கு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூட்டினால் 3675. வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அது ஐந்து அங்குலத்துக்குத்தான் தாங்கும். படம் எடுத்த தேதியும் அத்தோடு போய்விடும். தம்பியை அதே படத்தை ‘டொக்கியூமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். தேதியோடு அப்படியே வரும். பக்கத்தைத் திருத்தித் திருத்தி ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். அடுக்குகளோடு மூலக் கோப்பை வைத்துக்கொண்டு கடைசியில் ஒருமுறை மட்டும் ஜேபெக் எடுங்கள்.

கேள்வி: கமரா லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்கிறது. – வாசகர், தலவாக்கலை

பதில்: அது பூஞ்சணம். மழை மாதங்களில் தோல் பையில் பூட்டி வைத்த கமராவைத்தான் முதலில் பிடிக்கும். உள்ளே படர்ந்ததை வீட்டில் துடைக்க முடியாது, திருத்துநரிடம் கொடுங்கள். இனி வராமலிருக்க, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஈரம் குடித்துவிட்டது என்பதை அதுவே சொல்லும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். குளிரிலிருந்து நீராவி நிறைந்த அடுப்படிக்குள் போகும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்தால் லென்ஸில் ஆவி படியாது.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டிய வரிகள் அக்காவின் கணினியில் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகின்றன. – வாசகி, பதுளை

பதில்: பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் அமைந்தது அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றி நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை போன்ற ஒன்றில் எழுதுங்கள். போட்டோஷொப்பில் ‘கொ’, ‘கோ’ பிரிந்து உடைந்து வந்தால் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள்.

கேள்வி: படமே எல்லாவற்றையும் சொல்லும்போது பக்கத்தில் எழுத்து எதற்கு? – வாசகர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகைப்படக் கலைஞரின் கல்லறை உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து 1879 ஜனவரியில் இங்கே இறந்தவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த சார்ள்ஸ் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் உலகம் பெயரோடு பார்க்கிறது. இலங்கையில் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். முகங்கள் இன்றைக்கும் தெளிவாக இருக்கின்றன. பெரும்பாலும் பெயர்கள் இல்லை. படத்தில் இருப்பவர் யாருடைய பாட்டனார், எந்த லயம் என்று சொல்ல எவருமில்லை.

ஆகவே எழுதுங்கள். முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தோட்டம், டிவிஷன், மலை நம்பர், தேதி. எடுத்த அன்று மாலையே படத்தை அப்பாயியிடம் காட்டி, போனில் குரலைப் பதிவு செய்துகொண்டே கேளுங்கள்: இந்தக் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி) யாருடையது, இந்தப் பாதை முன்பு எங்கே போனது. அவர் சொன்னபடியே, அவர் பேச்சுத் தமிழிலேயே இரண்டு வரி எழுதினால் போதும். அடையாள அட்டை எண், சம்பளச் சீட்டு எண் தெரியும் துண்டுகளை ஒட்டினால் எண்ணை மறையுங்கள். படக் கோப்பின் தகவலில் மட்டும் பெயரை எழுதி வைத்தால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அழிந்துவிடும். பக்கத்தின் மேலேயே, படத்துக்கு அடியில், 11 புள்ளி (பொயின்ட்) அளவுக்குக் குறையாத எழுத்தில் போடுங்கள். அப்பாயியும் கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டும்.