தண்ணீர் குடிக்காத அக்கா

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு 38 வயது. இங்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் விடுவதற்கு இரவு ஒன்பதாகிவிடும். சம்பளம் 13,000. சாயங்காலம் இரண்டு காலும் வீங்கிவிடுகிறது. இந்த வருடம் மட்டும் மூன்று முறை நீர்க்கடுப்பு. சுகரும் பார்டரில் இருக்கிறதாம். தண்ணீர் குடி என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாலும் கேட்பதில்லை, அத்தனை அலட்சியம். நாலரைக்கே எழுந்து எங்கள் நாலு பேருக்கும் சமைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். அவளுக்கு வரகுக் கஞ்சி நல்லதா, சாமைக் கஞ்சி நல்லதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

எது விலை குறைவோ அதை வாங்குங்கள்.

'அலட்சியம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் விடமுடியவில்லை. பெரிய கடைகள் பலவற்றில் ஊழியர் கழிப்பறை மொட்டை மாடியிலோ அடித்தளத்திலோதான். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு. கவுன்ட்டரை விட்டு நகர சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். முகூர்த்த சீசனில் 'இப்பத்தானே போனே' என்பார், பத்துப் பேர் முன்னால். அதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் உங்கள் அக்கா. உங்களுக்கும் அந்த வேலை என்றால் அதே கணக்குத்தான் போடுவீர்கள்.

கணக்கு உடம்பில் பிசகுகிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்களுக்கு நான்கு சென்டிமீட்டர்தான் நீளம், கிருமி எளிதில் ஏறிவிடும். ஏறியதை அடித்து வெளியேற்றுவது சிறுநீரின் ஓட்டம். காலையில் போனவள் மூன்று மணி வரை அடக்கினால் கிருமி உள்ளேயே பெருகும். சுகர் ஏறினால் இன்னும் மோசம். வருடத்தில் மூன்று முறை என்றால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை உதவாது. மாத்திரை தொடங்கும் முன்பே, எந்தக் கிருமி என்று காட்டும் யூரின் கல்ச்சர் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். கூடவே 'மூணு மாச சுகர்' டெஸ்டும். காய்ச்சல், குளிர், விலாவில் வலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, 'பெண்கூட்டு' என்று கடைப் பெண்களைத் திரட்டியபோது முதலில் கேட்டது கழிப்பறை. உட்காரும் உரிமை பிறகு வந்தது. 2018-ல் கேரளம் அதைச் சட்டமாக்கியது, 2021-ல் தமிழ்நாடும். சட்டப்படி உங்கள் அக்கா இருக்கும் தளத்தில் இருக்கை இருக்க வேண்டும். இருக்கும், ஓரமாக, அட்டைப்பெட்டி அடுக்கி.

நேரம் தன் கையில் இல்லாதவருக்கு உடம்பும் தன் கையில் இல்லை. லண்டனில் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில் அரசு ஊழியர்கள் பதினேழாயிரத்துக்கு மேல். யாரும் பட்டினி இல்லை. ஆனால் கடைநிலை ஊழியர் இதயநோயில் இறந்த விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் மிஞ்சியது. அடுத்த ஆய்வில் சிக்கிய காரணங்களில் ஒன்று, தன் வேலையில் தனக்குப் பிடி இல்லாமை. இதற்கு எந்தச் சிறுதானியத்தில் மருந்து?

கால் வீக்கத்துக்கு வருவோம். ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. அசையாமல் நின்றால் அது இறைக்காது. அரைமணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், சேலை மடிக்கும்போதே செய்யலாம். இறுக்கமான நீள சாக்ஸ் வாங்கினால் காலையில் எழுந்தவுடன் அளவெடுக்க வேண்டும். மாலையில் வீங்கிய காலுக்கு எடுத்தால் காலையில் தொளதொளக்கும். சுகர் பார்டரில் இருப்பதால் முதலில் டாக்டர் பாதத்தின் நாடியைப் பார்க்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்கவே கூடாது.

13,000 சம்பளம், தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயின் வரம்பான 21,000-க்குள் வருகிறது. சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது 98 ரூபாய் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். பிடித்தால் டெஸ்ட், மருந்து இலவசம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருந்தால், ஈஎஸ்ஐ டாக்டர் சான்றோடு விடுப்பெடுக்கும் நாளுக்கு 70 சதவீதச் சம்பளம், வருடத்துக்கு 91 நாள் வரை. கார்டு எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பலருக்கு எண் இருப்பதே தெரியாது.

நாலரைக்கு அவள் எழுகிறாள் என்று எழுதிய தம்பி, தான் எத்தனை மணிக்கு எழுகிறேன் என்று எழுதவில்லை. அரிசி களைந்து குக்கரில் வைக்கவும் மூன்று விசிலுக்கு அணைக்கவும் உங்களுக்குத் தெரியாதா? நாளையிலிருந்து ஆறு மணி வரை அவள் தூங்கட்டும். கஞ்சியையும் நீங்களே காய்ச்சுங்கள்.