ஒரே பெரிய தொட்டியில் பலவகைச் செடிகளை வைத்து, நினைத்தபோது மாற்றிக்கொள்ள வேண்டுமானால் தொட்டியை எப்படி அமைப்பது?

பெரிய தொட்டி ஒன்றில் பூச்செடி, இலைச்செடி, தொங்குகொடி எல்லாவற்றையும் கலந்து நட்டிருக்கிறீர்கள். ஒன்று பூத்து ஓய்ந்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்க முடியவில்லை, தோண்டினால் பக்கத்துச் செடியும் சேர்ந்து வாடிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்: பெரிய தொட்டியில் நடாதீர்கள், வையுங்கள். ஒவ்வொரு செடியும் அதனதன் சின்னத் தொட்டியிலேயே இருக்கட்டும். அந்தச் சின்னத் தொட்டிகளைப் பெரிய தொட்டிக்குள் இறக்கிவிடுங்கள். மாற்றத் தோன்றும்போது ஒன்றைத் தூக்கி இன்னொன்றை இறக்கினால் வேலை முடிந்தது.

இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரு சிமென்ட் தொட்டியால். நடுவில் டிரசீனா, சுற்றி கோலியஸும் பெட்டூனியாவும், விளிம்பில் மணிபிளாண்ட். மூன்று மாதம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பிறகு பெட்டூனியா காம்பு நீண்டு, அடி இலை காய்ந்து, பூ நின்றுபோயிற்று. சின்னக் கரண்டியால் அதைச் சுற்றி மண்ணை வெட்டினேன். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே நார் அறுவது போன்ற சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் பெட்டூனியாவின் வேர்க்கட்டுக்குள் கோலியஸின் வெள்ளை வேர்கள் கொத்துக் கொத்தாக ஓடியிருந்தன. ஒன்றை எடுக்கப்போய் மூன்று செடிகளின் வேரை அறுத்திருக்கிறேன். இரண்டாவது நாளே இரண்டு கோலியஸ் தலை தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் பயனில்லை, குடிக்கிற வேர்தான் போய்விட்டதே. கலந்து நட்ட தொட்டி பார்வைக்குத்தான் பல செடிகள். மண்ணுக்குக் கீழே அது ஒரே வேர்ப்பின்னல்.

சரி, தொட்டிக்குள் தொட்டி என்று முடிவு செய்தாகிவிட்டது. இப்போது வெளித்தொட்டியின் வடிவம். வயிறு பெருத்து வாய் சிறுத்த ஜாடி வடிவத்தை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள். அழகுதான், ஆனால் உள்ளே இருக்கிற இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது, வைத்ததை எடுக்கவும் முடியாது. வாய் அகன்று, சுவர் நேராக இறங்குகிற தொட்டி வேண்டும். அல்லது கீழே போகப் போக லேசாகக் குறுகலாம். விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கிற தொட்டியிலும் இதே சிக்கல் உண்டு. வெளியே அளந்தால் 50 செ.மீ வரும், உள்வாய் 43தான் இருக்கும். நமக்கு வேண்டிய அளவு உள்வாய்தான்.

உள்தொட்டிகள் எல்லாம் ஒன்றிரண்டு அளவுகளுக்குள் இருக்கவேண்டும். இதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு அளவில் தொட்டிகள் இருந்தால், எடுத்த இடத்தில் அடுத்தது உட்காராது. நான் 15 செ.மீ, 20 செ.மீ விளிம்புள்ள சாதாரண பிளாஸ்டிக் நர்சரித் தொட்டிகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எந்தச் செடி வந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

வட்டத்துக்குள் வட்டம் எத்தனை பிடிக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே அளவுள்ள மூன்று உள்தொட்டி உட்கார, வெளித்தொட்டியின் உள்வாய் ஒரு உள்தொட்டியின் விட்டத்தைப்போல 2.16 மடங்காவது இருக்கவேண்டும். நான்குக்கு 2.42 மடங்கு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழுக்கு மிகச் சரியாக 3 மடங்கு. அதாவது 20 செ.மீ தொட்டி மூன்று வைக்க 43 செ.மீ கொஞ்சம் தாண்டவேண்டும், நான்கு வைக்க 48க்கு மேல் வேண்டும். இதெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கிற கணக்கு. தூக்குவதற்கு விரல் நுழைய வேண்டாமா? அதனால் மேலும் நான்கைந்து செ.மீ சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, 55 செ.மீ உள்வாயில் நடுவே ஒரு 20 செ.மீ, சுற்றி 15 செ.மீ தொட்டிகள் ஐந்து. கணக்குப்படி சுற்றிலும் எட்டு நுழையும். ஐந்தோடு நிறுத்தினால்தான் கையும் போகும், இலையும் விரியும். நீள்சதுரத் தொட்டி என்றால் சதுர உள்தொட்டி வாங்கிவிடுங்கள், இடம் வீணாகாது.

விரல் நுழைகிற இடைவெளி இல்லாத இடங்களில் ஒரு சின்ன ஏற்பாடு உதவும். இரண்டு விரல் அகல நைலான் நாடாவை உள்தொட்டியின் அடிவழியாகக் கொடுத்து, இரு நுனியையும் விளிம்புக்கு மேலே கொஞ்சம் நீட்டி விடுங்கள். இலைக்குள் அது மறைந்துவிடும். மாற்றும் நாளில் இரு நுனியையும் பிடித்து நேராகத் தூக்கினால் செடி அசங்காமல் வரும். காம்பைப் பிடித்து இழுக்கிற பழக்கத்தை இதனால்தான் நான் விட்டேன்.

அடுத்தது ஆழம். அழகுத்தொட்டி 45, 50 செ.மீ ஆழம் இருக்கும். உள்தொட்டியோ 20 செ.மீக்குள் முடிந்துவிடும். அப்படியே இறக்கினால் செடி கிணற்றுக்குள் போனதுபோல் ஆகிவிடும். அதனால் உள்ளே ஒரு பொய்த்தளம் வேண்டும். நான்கு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் வட்டமாக வெட்டிய கனமான பிளாஸ்டிக் வலைத்தட்டு வைத்தால் போதும். தளத்தின் உயரத்தை ஒரே கணக்கில் வையுங்கள்: உள்தொட்டியின் விளிம்பு வெளி விளிம்புக்கு 2 அல்லது 3 செ.மீ கீழே நிற்கவேண்டும். இதைவிட இறங்கினால் குட்டைச் செடிகளுக்கு வெளிச்சம் குறையும், ஏறினால் பிளாஸ்டிக் விளிம்பு கண்ணில் படும்.

பொய்த்தளத்தால் எடையும் குறைகிறது. 60 செ.மீ அகலம், 50 செ.மீ ஆழமுள்ள தொட்டி ஏறக்குறைய 140 லிட்டர் பிடிக்கும். தோட்டத்து மண்ணை நிரப்பி நனைத்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். மாடியிலோ பால்கனியிலோ வைப்பவர்கள் இதை யோசிக்கவேண்டும். 20 செ.மீ உள்தொட்டி நனைந்த நிலையில் ஐந்தாறு கிலோதான் இருக்கும். தொட்டியை நகர்த்த நினைத்தால் உள்தொட்டிகளை எடுத்துவிட்டு வெற்றுத் தொட்டியை நகர்த்திக்கொள்ளலாம்.

வெளித்தொட்டியில் வடிகால் துளை இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். வெளியில் வைக்கிற தொட்டிக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொய்த்தளத்துக்கு அடியில் தேங்குகிற தண்ணீர் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கொசுவுக்குத் தெரியும். வெதுவெதுப்பான பருவத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். துளைபோட்டு, தொட்டியை ஓட்டுத்துண்டுகள் மேல் இரண்டு செ.மீ தூக்கி வைத்தால் தண்ணீர் தங்காமல் ஓடும். தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் துளை இருந்தும் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் அந்த ஜல்லி விஷயம். உள்தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணில் பிடித்திருக்கிற தண்ணீர், மண் முழுக்க ஊறி நிறைகிற வரை கீழே இருக்கிற பெரிய இடைவெளிக்குள் இறங்காது. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு சொதசொதப்பான அடுக்கு இருக்கும். ஜல்லி போட்டால் அந்த அடுக்கு மேலே ஏறி வேரின் அருகே வந்துவிடுகிறது. 15 செ.மீ தொட்டியில் நாலு செ.மீ ஜல்லிக்குக் கொடுத்தால் வேருக்கு என்ன மிச்சம்? துளைமேல் ஒரு வலைத்துண்டு வைத்து, அடிமுதல் மேல்வரை ஒரே மண்கலவையை நிரப்புங்கள்.

இதுவரை சொன்னது எல்லாச் செடியும் மாறுகிற தொட்டிக்கு. நடுவில் ஒரு செடி நிரந்தரமாக இருக்கவேண்டும், சுற்றியுள்ளவை மட்டும் மாறவேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பெரிய தொட்டியில் மண்கலவை நிரப்பி, நடுச்செடியை நேரடியாக நடுங்கள். நடும் அன்றைக்கே சுற்றிலும் மூன்று நான்கு காலித் தொட்டிகளை விளிம்பு தெரிகிற அளவுக்குப் புதைத்துவிடுங்கள். இவை உறைகள். பருவத்துக்கு வருகிற செடிகளை அதே அளவுத் தொட்டியில் வைத்து இந்த உறைகளுக்குள் செருகுங்கள். ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும். நடுச்செடியின் வேர் உறைக்கு வெளியே தன் பாட்டுக்கு ஓடும், விருந்தாளிச் செடியின் வேர் உறைக்குள்ளேயே நிற்கும். பெரிய நர்சரிகளில் மரக்கன்றுகளைக்கூட இப்படித் தரையில் புதைத்த உறைத்தொட்டிகளில் வளர்க்கிறார்கள். காற்றில் சாயாது, வெயில் சுவரில் நேராகப் படாததால் வேரும் சூடேறாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை உச்சி வெயிலில் தனியாக வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், வேர் படும் பாடு புரியும். மண் 40 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலான செடிகளின் வேர் நுனிகள் கருகத் தொடங்கிவிடும்.

உறை முறையில் ஒரு கவனம் வேண்டும். உள்தொட்டியின் துளை வழியாக வேர் இறங்கி, உறையின் துளையையும் தாண்டி மண்ணுக்குள் போய்விடும். மாதத்துக்கு இரண்டு முறை உள்தொட்டியைக் கால் வட்டம் திருப்பிவிடுங்கள். இறங்க ஆரம்பித்த மெல்லிய வேர் அப்போதே அறுந்துவிடும், செடிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆறு மாதம் விட்டுவிட்டால் மறுபடி கரண்டியும் நார் அறுகிற சத்தமும்தான்.

எந்தெந்தச் செடிகளைச் சேர்க்கலாம்? ஒரே தொட்டியில் நடும்போது தண்ணீர்த் தேவை ஒத்துப்போகிற செடிகளைத்தான் சேர்க்கமுடியும். இந்த முறையில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தினமும் தண்ணீர் கேட்கிற கோலியஸுக்குப் பக்கத்தில், மண் காய்ந்தால்தான் பிழைக்கிற பாம்புச்செடியை வைக்கலாம். ஆளுக்குத் தகுந்தபடி ஊற்றினால் போதும். வெளிச்சம் மட்டும் பொதுச்சொத்து. வெயில் கேட்கிற ஜின்னியாவையும் நிழல் கேட்கிற கலேடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ ஒன்று நிச்சயம் கெடும்.

ஆனால் தண்ணீர் வேலை கூடும், அதை மறைக்க விரும்பவில்லை. சின்னத் தொட்டி சீக்கிரம் காயும். மேலே தெளித்துவிட்டுப் போனால் பாதி தண்ணீர் இடைவெளியில் இறங்கி வீணாகும். நீண்ட மூக்குள்ள பூவாளியால் ஒவ்வொரு தொட்டியாக ஊற்றவேண்டும். உள்தொட்டிகளுக்கு இடையே தேங்காய்நார்த் தூளை நிரப்பி ஈரமாக வைத்தால் காய்வது மட்டுப்படும், தொட்டிகளும் ஆடாது, மேலே இருக்கிற பிளாஸ்டிக் விளிம்பும் மறையும். பாம்புச்செடி மாதிரி ஈரம் ஆகாதவற்றைச் சுற்றி மட்டும் தூளுக்குப் பதில் காய்ந்த மரப்பட்டைத் துண்டுகளைப் போடுங்கள்.

தோற்றத்தைப் பற்றி ஒன்று மட்டும். முன்வரிசைத் தொட்டிகளை நட்டுக்க நிறுத்தாமல், பின்பக்கம் ஒரு ஓட்டுத்துண்டு முட்டுக்கொடுத்து லேசாக வெளிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். தொங்குகொடி அன்றைக்கே வெளி விளிம்பைத் தாண்டி வழியும். நேரே நட்ட கொடி அந்த இடத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இந்த ஒரு சாய்ப்பில்தான் 'தொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்' என்கிற தோற்றம் போய், எல்லாம் ஒன்றாக முளைத்தது போல் ஆகிறது.

கடைசியாக, மாற்றுச் செடி கையில் இல்லாமல் மாற்றத் தொட்டி செய்து பயனில்லை. முன்னால் ஆறு செடி நின்றால், பின்னால் ஒரு மூலையில் குறைந்தது மூன்று செடியாவது வளர்ந்துகொண்டிருக்கவேண்டும். ஜின்னியா விதை போட்டுப் பூக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். இப்போது பூத்திருப்பது ஓயும் வரை காத்திருந்து விதை போட்டால் நடுவில் இரண்டு மாதம் குழிதான் இருக்கும். கலேடியம் இலை உதிர்ந்து கிழங்காக உறங்கப் போகும். அதைத் தொட்டியோடு எடுத்து, தண்ணீரை நிறுத்தி நிழலில் வைத்தால் அடுத்த பருவத்தில் தானே எழுந்து வரும். நிழலில் வளர்ந்த செடியை நேரே வெயிலுக்குக் கொண்டுவந்தால் இலை வெளுத்துக் கருகும். ஒரு வாரம் பத்து நாள் காலை வெயிலில் மட்டும் காட்டிப் பழக்குங்கள். புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தள்ளி வைத்து, இலைக்கு அடியிலும் கணுவிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள். இலைகள் உரசிக்கொண்டு நிற்கிற தொட்டியில் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். செடியை மாற்றுவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், முந்தைய நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு.

உங்களிடம் இப்போது இருக்கிற கலப்புத் தொட்டியைக் கலைக்க வேண்டாம். அது ஓய்கிற வரை ஓடட்டும். புதுத் தொட்டி வாங்கப் போகும்போது அளவுநாடாவோடு உங்கள் நர்சரித் தொட்டிகளில் மூன்றையும் எடுத்துப் போங்கள். அங்கேயே உள்ளே இறக்கிப் பாருங்கள், மூன்றும் உட்கார்ந்த பிறகு நடுவில் உங்கள் கை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் வாங்குங்கள்.