அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக்: சோதனை முதலில், ஃபில்டர் அப்புறம்

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றலாகி, மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் கல்யாணிக்குப் பக்கத்தில் குடிவந்திருக்கிறோம். குடிக்க, சமைக்க எல்லாம் வீட்டு அடிபம்புத் தண்ணீர்தான். இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் உண்டு என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டு உரிமையாளரோ, "இருபது வருஷமா இதைத்தான் குடிக்கிறோம்" என்கிறார். ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி) வாங்கப் போன கடையில் டி.டி.எஸ். மீட்டரை முக்கி, "முன்னே 380, இப்போ 40, இனி கவலை இல்லை" என்று காட்டினார்கள். வாங்கிவிடலாமா? கொதிக்க வைத்தால் போதாதா? மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: கொதிக்க வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, கிருமி சாகும். ஆனால் ஆர்சனிக் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். யு.வி. விளக்கு, குளோரின், சாதாரண கார்பன் ஃபில்டர் எதுவும் இதற்கு உதவாது.

கடையில் காட்டிய மீட்டரை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அது கரைந்திருக்கும் உப்புகளை மொத்தமாகக் கணக்கிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று முழு எண்ணில் காட்டும். குடிநீரில் ஆர்சனிக்குக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல ஐந்து மடங்கு இருந்தாலும் அந்த 380 என்ற எண் அசையாது. இந்தக் கருவியைக் காட்டி ஆர்சனிக் பயத்தைத் தீர்ப்பது வாடிக்கையாளரை ஏமாற்றும் வேலை.

வீட்டு உரிமையாளர் மனதார நம்பித்தான் சொல்லியிருப்பார். தண்ணீரில் இருக்கும் ஆர்சனிக்குக்கு நிறமில்லை, ருசியில்லை, வாசனையில்லை. பாதிப்பு தெரியவே பல வருஷம் ஆகும். மார்பில் மழைத்துளி தெறித்தாற்போல் புள்ளிகள், உள்ளங்கை உள்ளங்கால்களில் தடித்த முடிச்சுகள், நாள்பட்டால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய். வங்கத்துக் கிராமத்தவர்களிடம் இந்தத் தோல் நோய்க்குக் காரணம் கிணற்று ஆர்சனிக்தான் என்று கொல்கத்தா மருத்துவர் கே.சி. சாகா கண்டறிந்தது 1980களின் தொடக்கத்தில். பக்கத்து வங்கதேசத்தில் இன்னும் பெரிய துயரம். குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களிலிருந்து யுனிசெஃப் உதவியோடு ஏராளமான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரிய வந்ததோ 1993-இல்தான்.

யாரும் கொட்டிய விஷமில்லை இது. இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக் கிடந்தது. காற்றுப்படாத மண்ணில் நுண்ணுயிரிகள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்சனிக்கும் நீரில் இறங்குகிறது. அதனால்தான் ஆழமில்லாத குழாய்களில் தொல்லை அதிகம். 500 அடிக்குக் கீழே பெரும்பாலும் குறைவு. ஆனால் அடுத்தடுத்த வீட்டுக் கிணறுகளிலேயே அளவு ஏறி இறங்கும். வங்கதேசத்தில் சோதித்த பம்புகளுக்குச் சிவப்பு, பச்சை வர்ணம் அடித்து வைத்தது அதற்காகத்தான். பக்கத்து வீட்டுச் சோதனை முடிவு உங்களுக்குச் செல்லாது.

ஆகவே முதல் செலவு சோதனைக்கு. மாநிலப் பொது சுகாதாரப் பொறியியல் துறை ஆய்வகத்தில் விசாரியுங்கள். 'ஆர்சனிக்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எல்லாச் சோதனையிலும் அது தானாகச் சேர்ந்திருக்காது. பாட்டிலை அவர்களிடமே வாங்கி, பம்பைச் சில நிமிடம் நன்றாக அடித்துவிட்டு அப்புறம் பிடியுங்கள்.

அளவு கூடுதலாக இருந்தால் ஆர்.ஓ. உதவும், ஒரு சிக்கலோடு. நிலத்தடியில் ஆர்சனிக்கின் பெரும்பகுதி மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்கும், அதை ஆர்.ஓ. சவ்வு அவ்வளவாகப் பிடிக்காது. அதை மின்னேற்றமுள்ள வடிவுக்கு மாற்ற முன்கூட்டியே ஆக்சிஜனேற்றம் செய்யும் அமைப்போ, ஆர்சனிக்கை ஈர்க்கும் இரும்பு சார்ந்த கார்ட்ரிட்ஜோ இருக்கிறதா, ஆர்சனிக் நீக்கத்துக்குச் சோதனை அறிக்கை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். மாட்டிய பிறகு, வெளிவரும் நீரையும் அதே ஆய்வகத்தில் கொடுங்கள். கார்ட்ரிட்ஜ் தீர்ந்து போனாலும் தண்ணீர் தெளிவாகவேதான் வரும், அதனால் இந்தச் சோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும்.

முடிவு வரும்வரை, சுத்திகரித்த ஆற்று நீர் அரசுக் குழாயில் வந்தால் அதைப் பிடித்துக் குடியுங்கள். தர முத்திரை இல்லாத ஜார் தண்ணீர் அதே நிலத்தடி நீராகவே இருக்கலாம்.

கேள்வி: அந்தத் தண்ணீரில் குளிக்கலாமா? (அதே வாசகி)

பதில்: குளிக்கலாம், துவைக்கலாம், தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. ஆனால் சோறு, பருப்பு, குழந்தைக்குக் கலக்கும் பால் எல்லாம் குடிநீர்க் கணக்குதான். அரிசி உலைநீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரில் ஆர்சனிக் இன்னும் அடர்த்தியாக இருக்கும். அதைக் கழிவறையில் ஊற்றுங்கள், கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.