மண் திண்ணையில் சேரும் சூடு: வட்டவடை வீட்டுக்கு ஒத்து வருமா?

கேள்வி: கேரளா, இடுக்கி மாவட்டம் வட்டவடை கோவிலூரில் எங்களுக்குச் சொந்தமாகத் தகரக் கூரை வீடு இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ராத்திரி அடுப்புக் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி, மாமியார் படுக்கும் அறையில் வைக்கிறோம். அவருக்கு இளைப்பு வேறு. ஒருவர் ‘ராக்கெட் மாஸ் ஹீட்டர்’ கட்டித் தருகிறேன், விறகு 90 சதவீதம் மிச்சமாகும் என்கிறார். 1,20,000 ரூபாய் கேட்கிறார், பாதி முன்பணமாம். கொடுக்கலாமா?

பதில்: ஹீட்டர் இருக்கட்டும், அந்தக் கங்குச் சட்டியை இன்று ராத்திரியே நிறுத்திவிடுங்கள். புகை அடங்கிய கங்குதான் அதிக ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு சாத்திய அறையில் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இப்போதைக்கு மாமியாருக்கு ஒரு வெந்நீர்ப் பையும் கூடுதலாக ஒரு கம்பளியும் கொடுங்கள்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி 1980களில் சமையலுக்காக வடிவமைத்த ராக்கெட் அடுப்பிலிருந்து வளர்ந்தது இது. சிறு குச்சிகளை நட்டக்குத்தலாக நிறுத்தி எரிப்பார்கள். தீ படுக்கைவாட்டில் இழுக்கப்பட்டு, சூடு வெளியேறாதபடி பொதிந்த ஒரு நிலைக்குழாயில் மேலேறும். அங்கே புகையும் எரிந்துவிடும். குழாய்மேல் கவிழ்த்த டிரம் உடனே அறைக்குச் சூடு தரும். மிச்சச் சூடு, மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய திண்ணைக்குள் ஓடும் குழாய் வழியே போய்த் திண்ணையில் தங்கும். ஆறிய புகை கடைசியில் வீட்டுக்கு வெளியே போகும்.

நீங்கள் காசு கொடுப்பது அந்தத் திண்ணைக்குத்தான். 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய ஒரு டன் எடை வரும். அது 20 டிகிரி சூடேறினால், 1,000 வாட் மின் ஹீட்டர் 5 மணி நேரம் ஓடிய அளவுச் சூடு அதற்குள் இருக்கும். அடுப்பு அணைந்த பிறகும் விடியும்வரை மெதுவாக வெளியே விடும். தினமும் எரிக்கும் வீட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. எப்போதோ திறக்கும் அறைக்கு வீண், ஏனென்றால் குளிர்ந்த மண் சூடாகவே பல மணி நேரம் பிடிக்கும். மரப்பலகைத் தரையில் கட்டவே கூடாது.

விறகு விஷயத்தில் உங்கள் ஊர் கொடுத்துவைத்தது. கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை மரம்) கிளைகள், தேயிலைக் கவாத்துக் குச்சிகள் எல்லாம் இதற்கென்றே அமைந்த கனம். ஆனால் மழை படாமல் மாதக்கணக்கில் காய வேண்டும். பச்சைக் குச்சி தன் ஈரத்தை ஆவியாக்கவே பெருமளவு சூட்டைத் தின்றுவிடும், புகையும் அறைக்குள் திரும்பும்.

90 சதவீதம் என்பவரிடம், “எதோடு ஒப்பிட்டு?” என்று கேளுங்கள். சூடெல்லாம் மேலே போய்விடும் திறந்த கணப்போடு ஒப்பிட்டால் மிச்சம் பெரிதாகத்தான் தெரியும். உங்கள் வீட்டில் சூடு ஓடுவது தகரம் வழியாக. அதன் அடியில் சீலிங் அடித்து, ஓட்டை, சந்துகளை அடைப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் எந்த ஹீட்டர் வைத்தாலும் வானத்தைத்தான் சூடாக்குவீர்கள்.

அப்புறமும் வேண்டுமென்றால், பொருள் வாரியாக எழுதி வாங்குங்கள். மண், கல், பழைய டிரம் எல்லாம் அங்கேயே கிடைப்பவை. டிரம்மின் பெயின்டை வெளியில் வைத்து எரித்தெடுத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். தீ ஓடும் பாதையில் ஃபயர் பிரிக் எனும் தீ தாங்கும் செங்கல்தான் வேண்டும். அங்கே இரும்புக் குழாய் வைத்தால் சீக்கிரமே அரித்து உதிர்ந்துவிடும். துத்தநாகம் பூசிய குழாயோ சூடேறினால் நச்சுப்புகை விடும். சாம்பல் எடுக்கத் திறப்புகள் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். புகைக்குழாய் கூரை முகட்டுக்கு மேலே போகிறதா என்றும் பாருங்கள்.

பாதி முன்பணம் வேண்டாம். சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, வேலை நடக்கும்போது ஒரு பங்கு கொடுங்கள். மண் பூசுவதற்கு முன்னால் ஒரு மூடுபனி நாளில் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். அறைக்குள் புகை வந்தால் பிரித்துச் சரிசெய்ய அதுதான் தருணம். பூசிய பிறகு திண்ணையை உடைக்கத்தான் வேண்டும். கடைசிப் பங்கைப் புகை வராமல் எரிந்த பிறகே கொடுங்கள்.

பில் கட்டாயம் வாங்குங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அங்கே தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் இடுக்கி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.